முடியாதுங்கறதுக்கும் முடியலங்கறதுக்கும் நடுவுல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனசு திடமா இருக்கணும்னு பேப்பர்ல வர்ற கட்டுரை எதையும் நான் விடுறதில்ல, ஒண்ணு விடாம படிச்சிடுவேன். ஆனா ஒரு விஷயம் சொல்லணும்னு ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு. அதுல வர்றவங்க எல்லாருமே பெரிய ஆளுங்க, கால் போயும் மலை ஏறினவங்க, இருந்ததெல்லாம் இழந்துட்டு திரும்ப சம்பாதிச்சு காட்டினவங்க. அவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை உண்டு. ஆனா படுக்கைய விட்டு எந்திரிக்கவே தெம்பில்லாம கெடக்குற ஒருத்தர் அத படிச்சா தைரியமா வரும்? இவங்களுக்கெல்லாம் இருக்குற திராணி நமக்கு இல்ல போலன்னு இன்னும் சுருண்டுதான் படுப்பாங்க. நான் அப்படித்தான் படுத்தேன்.

11 வருஷம் பாத்த வேலை ஒரு நாள் சாயங்காலம் ஒரே ஒரு மெயில்ல போயிடுச்சு. அடுத்த ரெண்டு மாசம் எப்படி போச்சுன்னே சரியா ஞாபகம் இல்ல. வந்தவங்க எல்லாரும் தைரியமா இரு, பாசிட்டிவா நினைன்னு சொல்லிட்டு போனாங்க, அவங்க நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா பாசிட்டிவா நினைக்கறது எப்படின்னு ஒருத்தரும் சொல்லல, அந்த மனநிலையில அது ஒரு கட்டளை மாதிரிதான் காதுல விழுந்துச்சு, அதையும் செய்ய முடியலன்னு இன்னொரு குற்ற உணர்ச்சி வந்ததுதான் மிச்சம்.

எங்க அக்கா மட்டும்தான் வேற மாதிரி சொன்னா. பல்லு தேய்ச்ச கையோட செருப்ப மாட்டிட்டு தெருமுனை வரைக்கும் போயிட்டு வா, வேற எதுவும் செய்ய வேணாம், வந்து திரும்ப படுத்துக்கோன்னா. இத கேட்டு எனக்கு கோவம்தான் வந்துச்சு, இவ்ளோ பெரிய பிரச்சனைக்கு இதுவா மருந்துன்னு. ஆனா அவகிட்ட வாதம் பண்ற தெம்பு கூட இல்லாததால போனேன். போயிட்டு வந்தா காலண்டர்ல ஒரு டிக் போடணும், அதுவும் அவ சொன்னதுதான்.

இதுல இருக்குற சூட்சுமம் பின்னாடிதான் புரிஞ்சுது. நடக்கணும்னு மனசுல முடிவு பண்றது ஒண்ணு, பல்லு தேய்ச்சதும் நடக்கணும்னு முடிவு பண்றது வேற. ரெண்டாவதுல நேரம் காலம் யோசிக்க வேண்டியதில்ல, பிரஷ்ஷ வெச்சதும் கால் தானா செருப்ப தேடும். இது நடந்தா அடுத்து அத செய்வேன்னு முன்கூட்டியே முடிச்சு போட்டு வெச்சுக்கறவங்க நினைச்சத செய்யற வாய்ப்பு அதிகம்னு பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியல் பேராசிரியர் 1990கள்லயே காமிச்சிருக்கார். எங்க அக்காவுக்கு அவரெல்லாம் யாருன்னே தெரியாது.

19ஆவது நாள் போகல. காய்ச்சல் எதுவும் இல்ல, மழையும் இல்ல, சும்மா போகல. அன்னைக்கு ராத்திரி காலண்டர்ல அந்த ஒரு கட்டம் காலியா இருக்குறத பாத்துட்டே உக்காந்திருந்தேன், வரிசையா டிக், நடுவுல ஒரு ஓட்டை, எனக்கு இது கூட வரலயேன்னு அத கிழிச்சு போட கை போயிடுச்சு. அக்காவுக்கு போன் பண்ணேன். நேத்து சாப்பிடலன்னா இன்னைக்கும் சாப்பிடாமலா இருப்ப, நாளைக்கு போன்னு சொல்லிட்டு வெச்சுட்டா.

அவ சொன்னதுக்கு பின்னாடி ஒரு ஆராய்ச்சியே இருக்குங்க. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லேலியும் கூட இருந்தவங்களும் 96 பேர 12 வாரம் கவனிச்சாங்க, தண்ணி குடிக்கறது, கொஞ்ச தூரம் ஓடுறது மாதிரி சின்ன பழக்கங்கதான். ஒரு பழக்கம் யோசிக்காமலே வர்ற அளவுக்கு ஊற சராசரியா 66 நாள் ஆகுது, சிலருக்கு 18 நாள் போதும், அந்த 12 வார கணக்க நீட்டி பாத்தா சிலருக்கு 254 நாள் வரைக்கும் போகலாம்னு 2009ல வெளியிட்டாங்க. அதுல எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்த விஷயம், ஒரு நாள் விட்டுப்போறதால பழக்கம் உருவாகறதுல பெருசா ஒண்ணும் பாதிப்பு இல்லங்கறது. 21 நாள்ல எல்லாம் மாறிடும்னு சொல்றாங்களே, அது 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், தன்கிட்ட வந்தவங்களுக்கு புது முகம் பழகறதுக்கு குறைஞ்சது 21 நாள் ஆகுதுன்னு எழுதினதுல இருந்து பரவினது, அந்த குறைஞ்சதுங்கற வார்த்தை மட்டும் வழியில எங்கயோ விழுந்துடுச்சு. 21 நாள்ல வரலன்னா நம்ம மேல தப்புன்னு எத்தன பேரு நடுவுல விட்டிருப்பாங்கன்னு நினைச்சா வருத்தமா இருக்கு.

இப்ப பார்வைய மாத்தறத பத்தி சொல்றேன், ஏன்னா அதுலதான் நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கறாங்க. கெட்டத நல்லதுன்னு நினைச்சுக்கறது பார்வை மாத்தம் இல்ல. ஒரு நாள் அக்கா வந்தப்ப நான் ஒரு பேப்பர்ல எல்லாம் போச்சுன்னு கிறுக்கி வெச்சிருந்தேன். அவ பேனாவ எடுத்து எல்லாம்ங்கற வார்த்தைய மட்டும் அடிச்சுட்டு, என்னென்ன போச்சுன்னு வரிசையா எழுதுன்னா. வேலைன்னு எழுதினேன். சம்பளம்னு எழுதினேன். காலைல கிளம்பி போறதுக்கு ஒரு இடம்னு எழுதினேன், அத எழுதும்போது அழுகை வந்துடுச்சு. கூட வேலை பாத்த சிநேகிதங்கன்னு எழுதிட்டு நானே அடிச்சேன், ஏன்னா அதுல ரெண்டு பேரு முந்தின நாள் கூட போன் பண்ணியிருந்தாங்க, நான்தான் எடுக்கல. மூணு வரி நின்னுச்சு. மூணும் நிஜமான இழப்பு, எதையும் அவ இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாம்ங்கறதுக்கு கரையே கிடையாது, மூணு வரிக்கு கரை இருக்கு.

அதுக்கப்புறம் நான் பேசுற பேச்சையே கவனிக்க ஆரம்பிச்சேன். எப்பவுமே, யாருமே, எதுவுமே, இந்த ஏகாரம் வர்ற எடத்துலெல்லாம் சந்தேகப்படணும்னு கத்துக்கிட்டேன். முடியாதுன்னு ஒரு வார்த்தை, முடியலன்னு ஒரு வார்த்தை, ரெண்டையும் நாம மாத்தி மாத்தி சொல்றோம், ஆனா முடியாதுன்னா இனிமேலும் கிடையாதுன்னு கதவ சாத்துற மாதிரி, முடியலன்னா இன்னைக்கு முடியல அவ்வளவுதான், நாளைக்கு என்னன்னு அந்த வார்த்தை வாயே திறக்கல. எந்திரிக்க முடியாதுன்னு நினைச்ச காலைல எல்லாம் எந்திரிக்க முடியலன்னு மாத்தி சொல்லி பாத்தேன். அதுக்காக உடனே எந்திரிச்சிடல. ஆனா பத்து மணிக்கு எந்திரிச்சேன். ஆரோன் பெக்னு ஒரு மனநல டாக்டர் 1960கள்ல, மனச்சோர்வுல இருக்குறவங்க மனசுல தானா ஓடுற இந்த மாதிரி எண்ணங்கள பிடிச்சு, இது எவ்வளவு தூரம் உண்மைன்னு சரிபாக்க சொல்லிக்கொடுத்தார், அதுல இருந்து வளர்ந்த சிகிச்சை இன்னைக்கு உலகம் முழுக்க இருக்கு.

ஒண்ணு மட்டும் கறாரா சொல்லிடுறேன். சின்ன பழக்கம் எல்லா நோய்க்கும் மருந்து கிடையாது. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் பசியும் இல்லாம, எதுலயும் பிடிப்பில்லாம இருந்தா, இல்ல உயிர விட்டுடலாம்னு நினைப்பு வந்தா, நடைப்பயிற்சி பத்தாது, தாமதிக்காம டாக்டர்கிட்ட போகணும். அதே மாதிரி ஆள கசக்கி புழியற ஒரு எடத்துல இருக்குறவங்ககிட்ட நீ மன உறுதிய வளத்துக்கோன்னு சொல்றது அநியாயம், அங்க மாத்த வேண்டியது அந்த எடத்த.

இன்னொண்ணு, இது தனியாளா செய்யற காரியமும் இல்ல. ஹவாயில காவாய் தீவுல 1955ல பிறந்த 698 குழந்தைங்கள எமி வெர்னர்னு ஒரு அம்மாவும் கூட இருந்தவங்களும் 40 வருஷம் வரைக்கும் பின்தொடர்ந்து பாத்தாங்க. வறுமை, வீட்ல சண்டை, பெத்தவங்களுக்கு குடிப்பழக்கம் இல்ல மனநோய்னு பல கஷ்டம் ஒண்ணா சேந்த குழந்தைங்கள்ல கூட மூணுல ஒரு பங்கு பேரு நல்லபடியா, தன்னம்பிக்கையோட வளந்து நின்னாங்க. காரணம்னு அவங்க கண்டதுல முக்கியமான ஒண்ணு, அந்த பிள்ளைங்க மேல உண்மையான அக்கறையோட ஒரு பெரியவங்களாவது இருந்தது, பாட்டியோ, டீச்சரோ, பக்கத்து வீட்டுக்காரங்களோ யாராவது. எனக்கு அக்கா இருந்தா. அவ இல்லன்னா அந்த 19ஆவது நாளோட என் காலண்டர் குப்பைக்கு போயிருக்கும். அதனால கஷ்டத்துல இருக்குறவங்கள பாக்க போறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள், தைரியமா இருன்னு சொல்லிட்டு வந்துடாதீங்க, நாளைக்கு காலைல செய்யற மாதிரி ஒரே ஒரு சின்ன வேலைய சொல்லுங்க, நாளான்னைக்கு போன் பண்ணி செஞ்சியான்னு கேளுங்க.

இப்ப எனக்கு வேற வேலை கிடைச்சிருக்கு, பழைய சம்பளம் இல்ல, பரவால்ல. தெருமுனை வரைக்கும் போறது மட்டும் நிக்கல.

ஐயா, உங்க பேப்பர்ல வாரத்துக்கு ஒரு நாள் ஒரு ஓரமா, சாதிச்சவங்க இல்லாம, சாதாரணமா மீண்டு வந்தவங்க அன்னாடம் செஞ்ச ஒரே ஒரு சின்ன விஷயத்த நாலு வரியில போட முடியுமா? போடறதா இருந்தா என் காலண்டர போட்டோ எடுத்து அனுப்பி வெக்கிறேன். அந்த காலி கட்டத்த வெட்டிடாம போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி