அந்த ‘ஏ/பி’யை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளின் படங்களை இந்த மாதம் உங்கள் நாளிதழில் அடிக்கடி பார்க்கிறேன். மாலை, சால்வை, பெரிய அட்டையில் எழுதிய காசோலை, இரண்டு பக்கமும் அப்பா அம்மா. பார்க்கும்போது மனம் குளிர்கிறது. போன ஆண்டு எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு படம் எடுத்தோம். என் கடைசி மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக்கு மேற்படிப்புக்குப் போனாள். அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த பிறகு நடந்ததைத்தான் இப்போது எழுதுகிறேன். இந்த ஆண்டு போகிறவர்களுக்காவது உதவட்டும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் 31 ஆண்டுகள் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவன். செக்ரோல் (ஆட்களின் சம்பளப் பதிவேடு) எழுதுவது போக, சேமநிதிப் பாரம், சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பாரம், பிள்ளை பிறந்தால் பதிவு, பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் என்று லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) ஜனங்களின் காகித வேலை எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். பாரம் நிரப்புவது எனக்குப் பழகிய வேலை. அப்படி இருந்தும் என் மகள் அங்கே ஒரு வங்கிக் கணக்கு திறக்க ஏழு வாரம் அலைந்தாள். பெயராலும் முகவரியாலும் வந்த அலைச்சல் அது. இரண்டையும் இங்கேயே, புறப்படும் முன்பே, ஒழுங்குபடுத்தியிருக்கலாம்.

போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரம் போன் வந்தது. இங்கே இரவு பதினொன்று, அங்கே மாலை நான்கு. “அப்பா, என் பேருல சர்நேம் எதுன்னு கேக்குறாங்கப்பா. இல்லன்னு சொன்னா, இல்லாம எப்படி இருக்கும்ங்குறாங்க” என்றாள். குரல் உடைந்திருந்தது. வங்கியின் வாசலில் நின்றுகொண்டு பேசினாள்.

விஷயம் இதுதான். நம் மலேசிய பாஸ்போர்ட்டில் பெயருக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. லெட்சுமி ஏ/பி முனியாண்டி என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘ஏ/பி’ என்பது ‘அனாக் பெரம்புவான்’, அதாவது மகள். இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆனால் வெளிநாட்டுப் பாரங்களில் இரண்டு கட்டம் இருக்கும், ஒன்று சொந்தப் பெயருக்கு, மற்றது குடும்பப் பெயருக்கு. இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. என் மகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தன் பெயரை முதல் கட்டத்திலும் என் பெயரை இரண்டாவதிலும் போட்டுவிட்டு, ‘ஏ/பி’யை விட்டுவிட்டாள். விசாவில் முழுப்பெயரும் சேர்ந்தாற்போல் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குள் போய்விட்டது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்க இரண்டு வரி இருக்கிறதே, அதில் எழுத்தும் எண்ணும் ஒரு நிரப்புக்குறியும்தான் வரலாம். சாய்கோட்டுக்கு அங்கே இடமே கிடையாது. ஆக, ஒரே பெண் மூன்று காகிதத்தில் மூன்று பேராகி நின்றாள்.

வங்கியின் செயலி அவள் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, பெயர் பொருந்தவில்லை என்றது. கிளைக்கு நேரில் போனால் அங்கிருந்த அதிகாரி பல்கலைக்கழகக் கடிதத்தையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிப் பார்த்தாராம். “இரண்டும் நீங்கள்தான் என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் என்னால் பதிய முடியாது” என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கள்ளப் பணம் உள்ளே வராமல் பார்ப்பது வங்கியின் கடமை. ஆளையும் முகவரியையும் சரிபார்க்காமல் அவர்கள் கணக்கு திறக்கக்கூடாது.

ஆனால் நான் என்னையே கேட்டுக்கொண்ட ஒரு கேள்வி உண்டு. நம் ஜனங்களின் பெயர்களை யார் எழுதினார்கள்? தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்ளும் டிரசரும் என்னைப் போன்ற கிராணிகளும்தான் எழுதினோம். காதில் விழுந்ததை விழுந்தபடி எழுதினோம். லெட்சுமி என்ற ஒரு பெயரையே நான் என் கையால் நான்கு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். என் சொந்தப் பெயரும் அப்படித்தான். மகளின் பிறப்புப் பத்திரத்தில் இல்லாத ஒரு ‘எச்’ என் ஐசியில் (அடையாள அட்டையில்) இருக்கிறது. பணம் அனுப்புகிறவர் யார், என்ன உறவு என்று அந்த வங்கியில் கேட்டபோது என் ஐசி நகலை அனுப்பினேன். அப்பா பெயர் வேறாக இருக்கிறதே என்று திருப்பிக் கேட்டார்கள். அந்த ஒரு எழுத்துக்காக சத்தியப் பிரமாணம் எழுதி, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து அனுப்ப எட்டு நாள் ஆனது.

முகவரிக் கதை இதைவிட மோசம். தோட்டத்து வீட்டுக்கு மின்சார பில் கம்பெனி பெயரில் வரும். கடிதம் ஆபீசுக்கு வரும், பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) முடிந்து போகும்போது ஆட்கள் எடுத்துப் போவார்கள். ‘வரிசை 6’ என்றால் தபால்காரருக்குப் புரியும், லீட்ஸில் புரியுமா? ஓய்வு பெற்று நாங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) குடிவந்தும் மகளின் ஐசியில் தோட்டத்து முகவரிதான் இருந்தது. இங்குள்ள வங்கியின் கணக்கு அறிக்கையும் அதே பழைய முகவரிக்குத்தான் வந்துகொண்டிருந்தது. சொந்த ஊர் முகவரிக்குச் சான்று கேட்டபோது, விண்ணப்பத்தில் எழுதிய தாமான் முகவரியைக் காட்ட அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. தேசியப் பதிவிலாகாவுக்கு ஒரு நடை போயிருந்தால் முடிந்திருக்கும். அந்த ஒரு நடையை நான் போகச் சொல்லவில்லை.

அந்த ஏழு வாரமும் அவள் இங்கிருந்து கொண்டுபோன டெபிட் கார்டை வைத்துத்தான் ஓட்டினாள். நம் நாட்டுக் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு தானாகத் திறந்திருக்காது, நாம் சொல்லித்தான் திறக்க வேண்டும். நல்லவேளை, அதை அவள் அண்ணன் முன்பே செய்து வைத்திருந்தான். ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் கட்டணம் போனது, அதனால் வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக எடுத்து, நான் கொடுத்தனுப்பிய மைலோ டின்னுக்குள் மடித்து வைத்துக்கொண்டாள். சில கடைகளில் ரொக்கமே வாங்குவதில்லையாம். பல்கலைக்கழக உணவகத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. அங்கே மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வேலை செய்தாள், ஆனால் சம்பளம் போட அந்த ஊர்க் கணக்கு எண் வேண்டும். ஒரு மாதச் சம்பளம் அப்படியே நின்றது. ஒரு பவுண்டுக்கு ஐந்து வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேல் கொடுத்து வாங்கும் குடும்பத்துக்கு அது சின்னத் தொகை இல்லை.

கடைசியில் எப்படி முடிந்தது என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் மற்றவர்களுக்குப் பயன்படும். பல்கலைக்கழகத்தின் மாணவர் உதவி மேசையில் ஓர் அம்மா இவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ‘ஏ’யும் ‘பி’யும் உட்பட, பல்கலைக்கழகப் பதிவில் பெயரை மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகு வங்கிக்கென்றே ஒரு புதுக் கடிதம் கொடுத்தார்கள். அதில் அவள் பெயர், படிப்பு, லீட்ஸ் முகவரி, சுங்கை சிப்புட் முகவரி எல்லாம் இருந்தன. முகப்பில் எந்த வங்கிக்கு என்றும் எழுதியிருந்தது. இந்தக் கடிதத்தைப் பதிவு முடிந்த முதல் வாரமே கேட்டு வாங்கிவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் புது மாணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பார்கள். எந்த வங்கி என்று முன்பே முடிவு செய்துகொண்டு போவது நல்லது, வேறு வங்கிக்கு எழுதிய கடிதத்தை இன்னொரு வங்கி ஏற்காமல் போகலாம்.

இன்னொன்று. முன்பு இங்கிலாந்தில் விசாவுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுப்பார்கள், அதைக் காட்டினால் போதும். இப்போது விசா இணையத்தில்தான் இருக்கிறது. ‘ஷேர் கோட்’ என்று ஓர் எண்ணை நாமே எடுத்துக் கொடுத்தால் வங்கி சரிபார்த்துக்கொள்ளும். அந்த எண் 90 நாள் செல்லும். கிளைக்குப் போகும் அன்று கையில் வைத்திருக்க வேண்டும். சாதாரணக் கணக்கு தர மறுத்தால் ‘பேசிக் அக்கவுண்ட்’ என்று கேட்கலாம். நாட்டில் சட்டப்படி தங்கியிருப்பவர்களுக்கு அந்த அடிப்படைக் கணக்கைத் தர வேண்டிய கடமை சில பெரிய வங்கிகளுக்கு உண்டு. ஓவர்டிராப்ட் இருக்காது, மற்றபடி சம்பளம் வாங்கவும் வாடகை கட்டவும் போதும். இது என் மகளுக்கு ஐந்தாவது வாரம்தான் தெரிந்தது.

எல்லா நாட்டிலும் ஒரே முறை இல்லை. எங்கள் தாமானில் ஒரு பையன் மெல்பர்னுக்குப் போனான். அவன் இங்கிருந்தபடியே இணையத்தில் கணக்கு திறந்துவிட்டு, அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கணக்குக்கு உயிர் கொடுத்துக்கொண்டான். இந்தியாவுக்கு மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. அங்கே என்ஆர்ஓ கணக்கு, அதாவது அந்த நாட்டில் நிலையாகக் குடியிராதவர்களுக்கான கணக்கு. பாஸ்போர்ட், விசா, படம், கல்லூரிக் கடிதம் இவற்றை வைத்துத் திறந்துவிடலாம். ஆனால் உள்ளூர் முகவரிச் சான்றை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. கல்லூரிக் கட்டணத்தை அந்தக் கணக்கிலிருந்து கட்ட நினைக்கும் பெற்றோர் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், ஒரு விஷயத்தை எல்லாப் பெற்றோரும் பிள்ளைகளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். என் மகளுக்குக் கணக்கு கிடைத்த பதினைந்து நாளில் ஒருவர் வந்து, “உன் கணக்கில் கொஞ்சம் பணம் போடுகிறேன், எடுத்துக் கொடு, உனக்கு நூறு பவுண்ட்” என்று கேட்டிருக்கிறார். பார்க்க நல்ல மாதிரி, வேறொரு வகுப்பு மாணவர். இங்கே போலீசார் ‘அக்காவுன் கெல்டாய்’ (கழுதைக் கணக்கு) என்கிறார்களே, திருட்டுப் பணத்தைக் கடத்த நம் கணக்கை இரவல் கொடுப்பது, அதே விவகாரம்தான். இங்கிலாந்தில் இதற்குச் சிறைத்தண்டனை 14 ஆண்டுகள் வரை உண்டு. பெயர் மோசடிப் பட்டியலில் ஏறினால் ஆறு ஆண்டு அங்கே கிடக்கும். கணக்கை மூடிவிடுவார்கள், வேறு கணக்கும் கிடைப்பது கடினம். பணத்துக்குத் தவிக்கும் பிள்ளையைத்தான் இப்படித் தேடி வருகிறார்கள். அவள் மறுத்துவிட்டாள். மறுக்கும் அளவுக்கு அவளுக்கு விவரம் தெரிந்திருந்தது என்பதில் எனக்கு நிம்மதி.

துன் வீ. தி. சம்பந்தன் பிறந்த ஊர் எங்கள் ஊர். 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது அவர் தோட்டம் தோட்டமாகப் போனார். பங்கு என்றால் என்ன, ஏன் சேர வேண்டும் என்று பால்மரம் வெட்டும் (ரப்பர் பால் எடுக்கும்) ஜனங்களுக்கு அவர்கள் மொழியிலேயே சொன்னார். என் அப்பாவும் மாதம் பத்து வெள்ளி கட்டினார். அந்த ரசீதுகளைத் தகர டிரங்குப் பெட்டியில், வேட்டிக்கு அடியில், கட்டி வைத்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் எந்த ரசீது எந்த மாதத்துடையது என்று தொட்டுப் பார்த்தே சொல்வார். யாரோ உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததால்தானே அது நடந்தது? இன்று பேரப்பிள்ளைகள் கடல் தாண்டிப் போகிறார்கள். அவர்களுக்கும் பெற்றோருக்கும் யார் உட்கார்ந்து சொல்கிறார்கள்?

உதவித்தொகை கொடுக்கும் சங்கங்களையும் கோயில் நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறேன். காசோலை கொடுக்கும் அதே நாளில், படம் எடுத்து முடிந்ததும், இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். முன்பே போய்வந்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். ஒவ்வொருவரின் பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம் மூன்றையும் வரிசையாக வைத்துப் பெயரைப் பாருங்கள், ஐசியையும் வங்கி அறிக்கையையும் வைத்து முகவரியைப் பாருங்கள். விண்ணப்பம் போடும்போதே பார்த்தால் இன்னும் நல்லது. ஆசிரியர் அவர்களே, உங்கள் நாளிதழும் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை, ஆகஸ்டில் இதற்கு அரைப் பக்கம் ஒதுக்கினால் எத்தனையோ வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

என் பங்குக்கு, வரும் சனிக்கிழமை தொடங்கி ஆகஸ்டு முடியும்வரை, சனிக்கிழமைதோறும் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் தாமான் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன். கோயில் தலைவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். மகளும் அந்த நேரத்தில் போனில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அங்கே அவளுக்குக் காலை எட்டு மணி. வருகிறவர்கள் பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தையும், அப்பா அம்மா இருவரின் ஐசியையும் மறக்காமல் கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.