விட்டுப்போன ஒரு நாளால் பழக்கம் கெடுவதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களுக்காகவும் உடல்நலம் பேண விரும்புவோருக்காகவும் தங்கள் நாளிதழில் வெளிவரும் அறிவுரைக் கட்டுரைகளை நெடுங்காலமாகப் படித்து வருகிறேன். அவற்றில் பல எங்கே தொடங்கினாலும், மன உறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம் என்ற ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற நானும் இதையே சொல்லி வந்தவன். வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்த பிள்ளைகளிடம் ‘உனக்கு மன உறுதி போதாது’ என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அந்தக் கணிப்பே தவறு என்பதும், அதனால் ஒரு பிள்ளைக்கும் நன்மை விளைந்திருக்காது என்பதும் ஓய்வுபெற்ற பிறகே எனக்கு விளங்கின. அந்த வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சுடுகாட்டில் நிற்கும்போது பொங்கி எழும் பற்றின்மை வீடு திரும்பியதும் வடிந்துவிடுவதைப் பார்த்துத்தான், அதற்கு ‘மயான வைராக்கியம்’ என்று நம் மொழியில் பெயர் வந்தது. ‘ஆரம்ப சூரத்தனம்’ என்ற சொல்லும் அப்படி வந்ததே. எடுத்த எடுப்பில் எழும் வேகம் நிலைக்காது என்பதை இவ்வளவு தெளிவாக அறிந்திருந்தும், அந்த வேகம் தணிந்தவரை மட்டும் நாம் சோம்பேறி என்றும் உறுதியற்றவர் என்றும் பழிக்கிறோம். தணிவது அதன் இயல்பு. தணிந்த பிறகும் வேலை நடப்பதற்கு என்ன ஏற்பாடு செய்து வைத்தோம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

மன உறுதியைப் பற்றிய ஆராய்ச்சிகளும் பல திருப்பங்களைக் கண்டுள்ளன. ராய் பாமைஸ்டர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1998இல் வெளியிட்ட ஆய்வு, மன உறுதி தசையைப் போன்றது, ஓரிடத்தில் செலவழித்தால் அடுத்த இடத்தில் குறைந்துபோகும் என்ற கருத்தைப் பரப்பியது. 2016இல் 23 ஆய்வகங்கள் இணைந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் அதைச் சோதித்தபோது, அந்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றே தெரிந்தது. அந்த விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். 2012இல் வெளியான வேறோர் ஆய்வின் முடிவுதான் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வில்ஹெல்ம் ஹோஃப்மன் தலைமையில் ஜெர்மனியில் நடந்த அந்த ஆய்வில், மக்களின் அன்றாட ஆசைகளை அவை எழும் நேரத்திலேயே கேட்டுப் பதிவு செய்தார்கள். சுயக்கட்டுப்பாடு மிகுந்தவர்கள் ஆசைகளோடு ஓயாமல் போராடி வெல்பவர்களாக இருப்பார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? உண்மையில் அவர்களுக்கு அத்தகைய போராட்டங்களே மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. மனத்துக்குள் சண்டை மூளாதபடி அவர்களுடைய நாள் அமைந்திருக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

என் சொந்த அனுபவமும் இதனோடு ஒத்துப்போகிறது. ஓய்வுபெற்ற புதிதில் மருத்துவர் என்னை நாள்தோறும் நடக்கச் சொன்னார். ஒரு மணி நேரம் நடப்பது என்று உறுதி எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் நடந்தேன். பிறகு காய்ச்சலால் இரண்டு நாள் விட்டுப்போனது. தொடர்ச்சி கெட்டுவிட்டதே என்ற சலிப்பில் அதோடு நிறுத்திவிட்டேன். இப்படியே நான்கு முறை தொடங்கி நான்கு முறையும் விட்ட பிறகு, பல் துலக்கி முடித்ததும் காலணியை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை மட்டும் போய்விட்டுத் திரும்பிவிடுங்கள் அப்பா என்று என் மகள் சொன்னாள். காலணியை நான் பல் துலக்கும் இடத்துக்கு அருகிலேயே கொண்டுவந்து வைத்ததும் அவள்தான். தெருமுனை வரை போவதற்கு எந்த வைராக்கியமும் தேவைப்படவில்லை. சில வாரங்களில் அடுத்த தெரு வரை கால் தானாகப் போயிற்று. இப்போது பல் துலக்கியதும் கை காலணியைத் தேடுகிறது. நடக்கலாமா வேண்டாமா என்று நான் என்னோடு வாதிடுவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன.

இதன் உள்ளே இயங்கும் முறை எளிமையானது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அல்லது ஏற்கெனவே தவறாமல் செய்யும் ஒரு செயலை அடுத்து, ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது, அந்தச் சூழலே அந்தக் காரியத்தை நினைவூட்டத் தொடங்கிவிடுகிறது. ‘இனி நன்றாகப் படிப்பேன்’ என்பதைவிட ‘இரவு உணவு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் மேசையில் அமர்ந்து ஒரு பக்கம் படிப்பேன்’ என்று எப்போது, எங்கே என்பதைக் குறித்து முடிவெடுப்பது பலன் தருகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கெட்ட பழக்கங்களும் இதே வழியாகத்தான் வந்து ஒட்டிக்கொள்கின்றன. தலையணை அருகே கைபேசி இருந்தால் கண் விழித்ததும் கை அங்கே போகும். அதைப் பக்கத்து அறையில் வைப்பவர் தம் கையோடு மல்லுக்கு நிற்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட என்னை வாட்டுவது அந்த ‘21 நாள்’ கணக்கு. 21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று எங்கும் எழுதுகிறார்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை நிபுணர், மாறிய முகத்தோற்றத்துக்குத் தம் நோயாளிகள் பழகிக்கொள்ளக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதியது, ‘குறைந்தது’ என்ற சொல்லை வழியில் இழந்துவிட்டு இப்படி விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரங்கள் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எட்ட ஒருவருக்கு 18 நாளும் இன்னொருவருக்கு 254 நாளும் தேவைப்படும். நடுமதிப்பு 66 நாள். ஆய்வு நடந்ததே 84 நாள்தான் என்பதால், அதற்கு மேற்பட்டவை கணக்கீட்டால் பெறப்பட்ட மதிப்புகள். வேளை தவறாமல் தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவில் படிந்தன. உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாளாயிற்று. இருபத்திரண்டாம் நாளும் காலையில் எழுவது கடினமாக இருக்கும் ஒரு மாணவி, குறை தன்னிடம்தான் என்று முடிவு கட்டிவிடுகிறாள். அவளை அந்த முடிவுக்குத் தள்ளியவர்கள் நாம்.

அதே ஆய்வு சொல்லும் இன்னொரு செய்தி ஏனோ பரவவே இல்லை. இடையில் ஒரு நாள் விட்டுப்போனால், பழக்கம் உருவாவதை அது குறிப்பிடத்தக்க அளவு பாதிப்பதில்லை. நான் நான்கு முறை நடையை நிறுத்தியது காய்ச்சலால் அல்ல. விட்டுப்போன நாட்கள் முன்பு நடந்த நாட்களையும் அழித்துவிட்டன என்ற தவறான எண்ணத்தால்.

சூழலை அமைத்துக்கொள்வது எல்லாருக்கும் சமமாக வாய்ப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரந்தோறும் பணிநேரம் மாறுபவருக்கும், நோயாளியைப் பார்த்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பவருக்கும், தனக்கென ஒரு மூலைகூட இல்லாத வீட்டில் படிக்கும் பிள்ளைக்கும் ‘ஒரே நேரம், ஒரே இடம்’ என்பதே அரிது. அவர்களிடம் மன உறுதியைப் பற்றிப் பேசுவது கொடுமை. அந்தப் பிள்ளைக்கு அரை மணி நேரமாவது ஓர் அமைதியான இடத்தைப் பெரியவர்கள் ஒதுக்கிக் கொடுக்கலாம்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். தேர்வுக் காலத்தில் மாணவர் பகுதியில் அறிவுரைகளை வெளியிடும்போது, 21 நாள் கணக்கை நீக்கிவிட்டு, ஒரு நாள் படிக்காமல் விட்டவர் மறுநாள் அதே இடத்தில் அமர்ந்து ஒரு பக்கத்திலிருந்து தொடரலாம், முந்தைய நாட்கள் வீணாகிவிடவில்லை என்ற செய்தியை அவர்கள் கண்ணில் படும்படி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்