ஃப்ரீ ரேடிக்கலுக்கு மாத்திரை தேவையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃப்ரீ ரேடிக்கல் என்றாலே உடலில் தேங்கிக் கிடக்கும் கசடு, அதை அடக்கும் பொருளான ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையால் கழுவித் தள்ள வேண்டும் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. அது தேங்குவதே இல்லை. அதில் மிகக் கொடியதான ஹைட்ராக்சில் ரேடிக்கலின் ஆயுள் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்குதான். பிறந்த இடத்தில் கைக்கு எட்டியதைச் சிதைத்துவிட்டு மறைந்துவிடும்.

எலக்ட்ரான்கள் சாதாரணமாக ஜோடியாக இருக்கும். ஜோடியில்லாத எலக்ட்ரானோடு நிற்கும் அணு அல்லது மூலக்கூறுதான் ஃப்ரீ ரேடிக்கல். நாம் இழுக்கும் ஆக்சிஜன், செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் நான்கு எலக்ட்ரான்களைப் பெற்றுத் தண்ணீராக வேண்டும். வழியில் கசிந்த ஓர் எலக்ட்ரான் அதில் ஒட்டிக்கொண்டால் சூப்பர்ஆக்சைடு ஆகிவிடும். இதைச் சமாளிக்க 1969இல் மெக்கார்ட், ஃப்ரிடோவிச் என்ற விஞ்ஞானிகள் அடையாளம் கண்ட சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. அது சூப்பர்ஆக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கும். அந்தப் பெராக்சைடைக் கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதி தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். காயத்தில் பெராக்சைடு ஊற்றினால் பொங்கும் நுரை இந்தக் கேட்டலேஸின் கைவரிசையே.

இடையில் புரதத்தோடு பிணையாத இரும்பு இருந்தால்தான் வம்பு. பெராக்சைடு ஹைட்ராக்சிலாக மாறி, செல் சவ்வின் கொழுப்பிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கும். பறிகொடுத்த கொழுப்பு ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு பக்கத்துக் கொழுப்பிடம் பிடுங்கும், அது அடுத்ததிடம். பழைய எண்ணெயில் சிக்கு வாடை ஏறுவதும் இதே சங்கிலி வினைதான். ஆன்டிஆக்ஸிடன்டான வைட்டமின் ஈ தன் ஹைட்ரஜனைக் கொடுத்துச் சங்கிலியை அறுக்கும். அப்படிச் செய்யும்போது தானே ஒரு வலுக்குறைந்த ரேடிக்கலாகிவிடும். அதை மீட்பது வைட்டமின் சி.

அப்படியானால் நிறைய விழுங்கினால் நல்லதுதானே? இல்லை. வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்லச் சூப்பர்ஆக்சைடை வேண்டுமென்றே உண்டாக்குகின்றன. பிறவிக் குறையால் அது முடியாத குழந்தைகளுக்குக் கடும் தொற்றுகள் திரும்பத் திரும்ப வரும். ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் ஒரு ஃப்ரீ ரேடிக்கல்தான். அதைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு 1998இல் நோபல் பரிசே கிடைத்தது.

ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் பங்கேற்ற ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்டை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, 18 சதவீதம் கூடியிருந்தது. தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதை 2011இல் வேறொரு பெரிய ஆய்வு காட்டியது. காய்கறி, பழங்களில் இருக்கும் அளவுக்கு இந்த எச்சரிக்கை பொருந்தாது. செறிவூட்டிய மாத்திரைகளைத்தான் சொல்கிறேன்.

புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும். கண் விழித்திரைக்கென விற்கும் மாத்திரைகளிலும் அது இருக்கலாம். அதற்குப் பதில் லூட்டீன் என்ற வேறொரு நிறமி சேர்த்தவை உள்ளன. கீமோ, கதிர்வீச்சு சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையையும் தொடங்கக் கூடாது. புற்றுச் செல்களை அழிக்கக் கதிர்வீச்சு பெரிதும் நம்பியிருப்பதே இந்த ஃப்ரீ ரேடிக்கல்களைத்தான்.

இப்படிக்கு,
ஓர் உயிர்வேதியியல் ஆசிரியர்