முந்திரிக் கடை வைத்திருக்கும் மகளுக்கு

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். ஆன்லைன் கடையைப் பார்க்க வருகிறவர்கள் நிறைய, வாங்குகிறவர்கள் குறைவு என்று வருத்தப்பட்டாயே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் பேரன் பாதியில் பிடுங்கிவிடுவான்.

நேற்று உன் சின்னத்தையிடம் போனைக் கொடுத்து, அரை கிலோ முந்திரிக்கு நீயே ஆர்டர் போடு என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. முதலில் முந்திரித் தோப்புப் படம். அழகான படம்தான், ஆனால் வந்து முடியவே நேரமாகிறது. விலை எங்கே என்று கீழே தள்ளிக்கொண்டே போனாள். டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று இரண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "நம்பர் பெரிசா இருந்தா பருப்பும் பெரிசாண்ணா?" என்றாள்.

நம் கடைக்கு வருகிறவர்களும் இதைத்தான் கேட்பார்கள். ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் குறைந்தால் பருப்பு பெரிது. நான் இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டிவிடுவேன், கேட்டவர் உடனே முடிவு செய்துவிடுவார். நீயும் இரண்டையும் ஒரே கையில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து விலைக்குப் பக்கத்தில் போடு. பாயசத்துக்கும் கேசரிக்கும் பாதிப் பருப்பே போதும், யாருக்காவது கொடுப்பதற்கென்றால் 240 வாங்குங்கள் என்று அடியில் எழுது. விலை குறைந்ததை நாமே கைகாட்டினால் வாங்குகிறவருக்கு நம்மேல் ஒரு நம்பிக்கை வரும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஒருவழியாகக் கூடையில் போட்டாள். உடனே கணக்கு தொடங்கு, பாஸ்வேர்டு கொடு என்று வந்தது. அதையும் தாண்டினாள். கடைசிப் பக்கத்தில் அனுப்பும் செலவென்று திடீரென ஒரு தொகை ஏறி நின்றது. "அப்புறம் பார்த்துக்கறேண்ணா" என்று போனை என்னிடமே கொடுத்துவிட்டாள். சொந்த அத்தையே இப்படியென்றால் முன்பின் தெரியாதவர் என்ன செய்வார், சொல்.

இது உன் கடையில் மட்டும் நடப்பதில்லை. பேமார்டு என்ற ஆய்வு நிறுவனம் தொகுத்த கணக்கின்படி, கூடையில் போட்ட பிறகு 100க்கு 70 முறை வாங்காமலே போய்விடுகிறார்கள். சும்மா பார்க்க வந்தவர்களைத் தள்ளிவிட்டால், மற்றவர்கள் சொல்லும் முதல் காரணமே கடைசியில் ஏறும் செலவுதான். கணக்கு தொடங்கச் சொல்வதாலும் நிறையப் பேர் போய்விடுகிறார்கள். அதனால் அனுப்பும் செலவை விலைக்குக் கீழேயே சொல்லிவிடு. கணக்கே வேண்டாம், பெயர், போன் நம்பர், முகவரி போதும். பணம் கட்டும் இடத்தில் யுபிஐ முதலில் வரட்டும். பார்சல் கைக்கு வந்த பிறகு பணம் கொடுக்கும் வழியும் இருக்கட்டும், புதிதாக வருகிறவருக்கு அது தைரியம். பார்சல் திரும்பி வந்தால் நஷ்டம் நமக்குத்தான், அனுப்பும் முன் ஒரு போன் போட்டு உறுதி செய்துகொள்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். "இன்னும் 3 பாக்கெட்தான்" என்று சிவப்பு எழுத்தில் ஓடுகிறதே, அதை இன்றைக்கே எடுத்துவிடு. குடோனில் பண்ருட்டிப் பருப்பு மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும்போது அது பொய். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதலில் 13 வகை ஏமாற்று வேலைகளைத் தடுத்திருக்கிறார்கள். இந்தப் பொய் அவசரமும் அதில் ஒன்று, கடைசியில் விலையை ஏற்றுவதும் ஒன்று. தடை இல்லாவிட்டாலும் நம் கடைப் பெயரில் அது வேண்டாம்மா.

எடை, பேக் செய்த மாதம், எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு உரிம எண், புகார் சொல்லக் கூப்பிட வேண்டிய நம்பர் எல்லாம் கண்ணில் படும்படி இருக்கட்டும். சிக்கு வாடையோ பூச்சியோ இருந்தால் பணம் திருப்பித் தருவோம் என்பதையும் வாங்கும் பட்டனுக்குப் பக்கத்திலேயே எழுது.

தோப்புப் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதே, சின்னதாக்கிக் கீழே வை. படம் எடுக்க 240இலும் 320இலும் கால் கால் கிலோ இன்று பார்சல் போட்டிருக்கிறேன். தீபாவளி ஆர்டர் தொடங்குவதற்குள் இதையெல்லாம் மாற்றிவிடு.

அன்புடன்,
அப்பா