புயலுக்கு முன்னே வரும் விருந்தாளிகள்

டாலஸ், 23.9.2005

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரீட்டா புயலுக்குப் பயந்து ஹூஸ்டனிலிருந்து இரண்டு குடும்பங்கள் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கின்றன. மொத்தம் ஏழு பேர். வழக்கமாக நாலு மணி நேரப் பயணம். நேற்றுக் காலை கிளம்பியவர்கள் இன்னும் பாதி வழிகூடத் தாண்டவில்லை. நெடுஞ்சாலை 45 முழுக்க வண்டிகள் ஊர்கின்றனவாம், வழியில் பெட்ரோலும் கிடைக்கவில்லையாம். போன மாதம்தான் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் நகரம் மூழ்கியது. அதைப் பார்த்த பிறகு யார்தான் வீட்டில் இருப்பார்கள்?

இட்லி மாவு இரண்டு முறை அரைத்துவிட்டேன். வருபவர்களில் ஒரு தாத்தாவுக்கு மாடி ஏற முடியாது, அவருக்குக் கீழ் அறை. அவருடைய இன்சுலினுக்கு ஃபிரிட்ஜில் ஒரு தட்டைக் காலி செய்தாயிற்று. என் கணவர் எங்கிருந்தோ காற்றடைக்கும் மெத்தை வாங்கி வந்தார்; அதில் ஓட்டை. சரி, பிள்ளைகளுக்கு ஜமுக்காளம் போதும்.

எழுத வந்த விஷயம் வேறு. ஊரிலுள்ள உறவினர்கள் மாற்றி மாற்றி, வழியில் வந்துகொண்டிருப்பவர்களின் செல்போனுக்கே அழைக்கிறார்கள். அவர்களோ பெட்ரோல் தீர்ந்துவிடுமே என்று ஏசிகூடப் போடாமல் வருகிறார்கள். போனில் சார்ஜும் குறைவு. தயவுசெய்து அவர்கள் போய்ச் சேரும் வீட்டுக்கு அழையுங்கள். நடுராத்திரியானாலும் பரவாயில்லை, நான் விழித்துத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
டாலஸிலிருந்து ஒரு வாசகி