உதட்டில் இரண்டு தையல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மகள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று படித்தபோது அவ்வளவு சந்தோஷம். அவள் நடை பழகியது நேற்றுப் போல இருக்கிறது. உன் முழங்கால் வலிக்கு மருத்துவர் சொன்ன பயிற்சியை மட்டும் விடாமல் செய்.

என் உதட்டில் தையல் போட்ட விஷயம் உன் காதுவரை வந்துவிட்டதா? "குடித்துவிட்டு அடிக்கிறவனுக்காக நீ ஏன் அல்லாடுகிறாய், அந்த ஆம்புலன்ஸ் வேலையை விட்டுத் தொலை" என்று எழுதியிருந்தாய். உனக்குப் பொறுக்காது, எனக்குத் தெரியும். ஆனால் அன்று என்ன நடந்தது என்பதை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

நடு இரவு தாண்டி அழைப்பு. சாலையோரத்தில் ஒருவன் கிடக்கிறான், குடிபோதை, பக்கத்தில் போனால் அடிக்க வருகிறான் என்றார்கள். போலீஸ் வரும்வரை வண்டியைத் தள்ளியே நிறுத்தினோம். கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தேன். அதைப் பிடித்து இழுத்தால் நம் கழுத்துதான் இறுகும். மது வாடை பலமாக அடித்தது. வியர்த்துக் கொட்டியிருந்தான், பேச்சு குழறியது. "சார், உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டபடி, சர்க்கரை பார்க்க விரலைப் பிடித்தேன். அடுத்த நொடி முழங்கையால் ஒரு இடி. வாயெல்லாம் ரத்தம்.

போலீஸ்காரர்கள் இருவர் அவனைக் குப்புறத் தள்ளி முதுகில் அழுத்தினார்கள். கொஞ்ச நேரம் திமிறினான். அப்புறம் அமைதி. "அடங்கிட்டான்" என்றார் ஒருவர். நண்பா, இந்த வேலையில் என்னை அதிகம் பயமுறுத்தும் சொல் அதுதான். குப்புறக் கிடப்பவனின் முதுகில் பாரம் ஏறினால் நெஞ்சு விரிய இடமில்லை. போதையும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் சில நிமிடத்தில் இதயமே நின்றுபோகலாம். "திருப்புங்கள், ஒருக்களித்துப் போடுங்கள்" என்று ரத்தம் வழிகிற வாயோடு கத்தினேன். திருப்பினார்கள். மூச்சு இருந்தது.

சர்க்கரை அளவு 38. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே எங்களுக்கு அவசரம்தான். இன்சுலின் போடுகிறவன், சாப்பிடாமல் குடித்திருக்கிறான். வயிறு காலியாக இருக்கும்போது கல்லீரல்தான் சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்துக்குத் தரும். மது அந்த வேலையைத் தடுத்துவிடும். மூளைக்குச் சர்க்கரை போதாவிட்டால் தள்ளாட்டம், குழறல், வியர்வை, காரணமில்லாத ஆத்திரம் எல்லாம் வரும். பார்ப்பவர்களுக்கு அது அப்படியே குடிவெறி. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண் திறந்து என்னைப் பார்த்தான். "உங்கள் வாயில் என்ன ஆச்சு?" என்று கேட்டான். அவனுக்கு எதுவும் நினைவில்லை. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல், கீழே விழுந்துவிட்டேன் என்றேன்.

சரி, எல்லோரும் இப்படி என்று நினைத்துவிடாதே. போன மாதம் ஒருவன் எங்கள் ஓட்டுநர் முகத்தில் துப்பினான், என் உடன் பணிபுரியும் பெண்ணின் கையைப் பிடித்து முறுக்கினான். சர்க்கரை சரி, ஆக்சிஜன் சரி, தலையில் அடி இல்லை. வெறும் குடி. அவன்மீது புகார் கொடுத்தோம், கொடுத்ததில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. அடி வாங்குவது இந்த வேலையில் சகஜம் என்று மேலே இருப்பவர்கள் சொல்லும்போதுதான் கொதிக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இன்னமும் வண்டியின் பின்கதவைச் சாத்தும்போது கை நடுங்குகிறது. உள்ளே இருப்பது இரண்டு பேர் நிற்கவே நெருக்கமான இடம். ஓடும் வண்டியில் எங்கே ஒதுங்குவது? நிலைமை கைமீறினால் பின்வாங்கு, கதவுக்கும் உனக்கும் நடுவே நோயாளியை விடாதே என்று புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்கிறேன். பின்வாங்குவது கோழைத்தனம் இல்லை.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு பெரியவர், வாடை, கெட்ட வார்த்தை, கையை ஓங்கினார். எனக்கும் அன்று எரிச்சல். "குடிபோதை" என்று தாளில் எழுதி மருத்துவமனையில் ஒப்படைத்தேன். நான் எழுதியதை நம்பி, தூங்கித் தெளியட்டும் என்று ஒரு மூலையில் படுக்க வைத்தார்கள். விடிகாலையில் எழுப்பியபோது அவருடைய கண்ணின் பாவை ஒன்று விரிந்திருந்தது. தலைக்குள் ரத்தக்கசிவு. எங்கோ விழுந்திருக்கிறார், நான் தலைமுடியை விலக்கிக்கூடப் பார்க்கவில்லை. அவர் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து என்ன வாடை அடித்தாலும், என்ன திட்டினாலும், சர்க்கரை, ஆக்சிஜன், தலை, கண் பாவை எல்லாம் பார்த்த பிறகுதான் அந்த வார்த்தையை எழுதுகிறேன். நான் வேலையை விடாததற்குக் காரணம் கேட்டாயே, அந்தப் பெரியவர்தான்.

கடைசியாக, உன் தம்பி. அவன் குடியைப் பற்றி நீ இரண்டே வரியில் எழுதிக் கடந்துபோனாய், நான் அதைத்தான் பலமுறை படித்தேன். நினைவில்லாமல் வந்து விழுந்தால் மல்லாக்கப் படுக்க விடாதே. ஒருக்களித்துப் போடு, வாந்தி வந்தால் மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கும். தலையில் தண்ணீர் ஊற்றுவது, காபி கொடுப்பது எதுவும் போதையை இறக்காது. ஈரல் தன் வேகத்தில்தான் எரிக்கும். தட்டியும் கிள்ளியும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது என்றால் காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடு. தினமும் குடிக்கிறவன் என்றால், கோபத்தில் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லிப் பூட்டி வைக்காதே. நிறுத்திய ஓரிரு நாளில் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் பிதற்றலும் வெறியும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் அழைத்துப் போய் அவர் கண்காணிப்பில் நிறுத்து.

அவன் கையை ஓங்கினால் நீ எதிர்த்து நிற்காதே. அறையை விட்டு வெளியே வா, மகளையும் அழைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை இரவு எனக்குப் பணி இல்லை. தம்பி தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துப் போனை அவன் கையில் கொடு. சின்ன வயதில் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தவன், நான் பேசினால் கேட்பான் என்று நினைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்