செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும் வருகை தந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிட்னியின் பரமட்டா வட்டாரத்தில் இயங்கும் நம் ரக்பி லீக் ரசிகர் மன்றம் இவ்வாண்டு நான்கு செயற்குழுக் கூட்டங்களை நடத்தியது. பொங்கல் ஒன்றுகூடல் வழக்கம்போல் நடைபெற்றது. ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியில் பென்ரித் அணி மெல்பர்ன் அணியை 14-6 என வென்ற இறுதியாட்டத்தைத் திரையிட்டோம்.

நான் பொறுப்பேற்று நடத்திய ஊதிய உச்சவரம்புப் பயிலரங்கைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. அது வீண்செலவு என்று அங்கு வராதவர்களே பேசிவருவதாக அறிகிறேன். நம் பரமட்டா அணி ஏன் நல்ல ஆட்டக்காரர்களைக் காசு கொடுத்து எடுப்பதில்லை என்று கூட்டந்தோறும் எழும் கேள்விக்கு விடை காண்பதே அதன் நோக்கம். கழகத்திடம் எவ்வளவு செல்வம் இருந்தாலும் முதன்மைப் பட்டியலின் 30 பேருக்கும் சேர்த்து இவ்வளவுதான் தரலாம் என்பதே விதி. பங்கேற்றவர்களிடம் கற்பனைத் தொகையொன்றைக் கொடுத்துப் பட்டியலை நிரப்பச் சொன்னபோது, பெரும்பாலோர் ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக்குக்கும் கடைசித் தற்காப்பாளரான ஃபுல்பேக்குக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டுக் கடைசிப் பத்து இடங்களுக்கு இளைஞர்களைத் தேடி அலைந்தனர். கழகங்களின் பாடும் இதுதான். 2021 முதல் தொடர்ந்து நான்கு கோப்பைகளை வென்ற பென்ரித், தன் வெற்றியால் விலை உயர்ந்த கிகாவ், கொரொய்சாவ், கிரைட்டன் ஆகியோரை வைத்திருக்க முடியாமல் விட்டது. லுவாயும் அடுத்த பருவம் வெஸ்ட்ஸ் டைகர்ஸுக்குச் செல்கிறார். 2022 இறுதியாட்டத்தில் தோற்ற கையோடு நம் பரமட்டாவும் மஹோனி, பபாலீ, நியுகோரே மூவரையும் இழந்தது. ஒப்பந்தத்தின் இறுதியாண்டை எட்டுபவருடன் நவம்பர் 1 முதல் பிற கழகங்கள் பேசலாம் என்பதால், யாரை வைத்துக்கொள்வது என்பதை ஓராண்டு முன்பே கணக்கிட வேண்டியிருக்கிறது.

2016இல் வரம்பை மீறியதற்காகப் பரமட்டாவிடமிருந்து 12 புள்ளிகள் பறிக்கப்பட்டு, பத்து லட்சம் டாலர் தண்டமும் விதிக்கப்பட்டதை நான் விளக்கியபோது மூத்த உறுப்பினர் சிலர் தேநீர் அருந்த எழுந்து சென்றனர். மெல்பர்ன் 2010இல் இதே குற்றத்துக்காக 2007, 2009 கோப்பைகளை இழந்ததை விவரிக்கையில் அவர்கள் அனைவரும் இருக்கையில் இருந்தனர் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அறுபது பேர் கொண்ட மன்றத்தில் பயிலரங்குக்கு வந்தவர்கள் பதினொருவர். சந்தா செலுத்தாதவர்கள் அதைவிட இருமடங்கு.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாகவே உள்ளன. விவரங்களைப் பொருளாளரிடம் கேட்டறியலாம். அவருக்கும், சிற்றுண்டி வழங்கிய குடும்பத்தினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் சூப்பர் லீக் போட்டியின் ஊதிய வரம்பைப் பற்றி இரண்டாம் பயிலரங்கு நடத்த எண்ணியுள்ளேன். இப்பொறுப்பை ஏற்க வேறெவரும் முன்வந்தால் மகிழ்வுடன் விலகுவேன். மண்டபத்துக்கான முன்பணத்தை மட்டும் பிப்ரவரிக்குள் கட்டியாக வேண்டும். பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை இங்கு வாசிக்கப் போவதில்லை. அப்பட்டியல் ரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே, பொருளாளரின் மேசையில் உள்ளது.